காத்திருப்பு அறையில் ஒருவர்

பதிவு: பிப்ரவரி 9, காலை 7.30 (இந்திய நேரம்)

விளிம்பு நிலையம், நிலவின் மறுபக்கம். பணியில் இருப்பவர்: தமயந்தி ஜெயசீலன், சரிவுப் பொறியாளர். ஆள் எண்ணிக்கை: ஒன்று.

காற்று சரி. மின்சாரம் சரி. சுவர்களில் கசிவு இல்லை. மண் நகர்கிறதா என்று பார்க்க மேடை ஓரத்தில் நட்ட இரும்பு முளைகள் எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயே நிற்கின்றன. ஏழாம் முளைக்கும் எட்டாம் முளைக்கும் நடுவில் தரையில் ஒரு வெடிப்பு, நூல் கனத்தில். பார்த்து வைத்திருக்கிறேன்.

இதை யார் படிக்கப் போகிறீர்களோ தெரியாது, ஆகவே விவரமாகவே சொல்கிறேன். இந்த நிலையம் ஒரு பெரும்பள்ளத்தின் உள்சரிவில் இருக்கிறது. சரிவில் கட்டடம் நிற்காது என்று இயந்திரங்களை அனுப்பிச் சரிவை வெட்டி, சமமாக ஒரு மேடை செய்து, அதன்மேல் நிலையத்தை வைத்தார்கள். குன்னூர்க்காரியான எனக்கு அந்த வரைபடத்தைப் பார்த்த அன்றே பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் மலையை வெட்டி வீடு வைத்தவன் ஐப்பசி பிறந்தால் கண்ணை மூடமாட்டான். திட்டக் குழுவிடம் கேட்டேன். நிலவில் மழை இல்லை, அதனால் மண் சரியாது என்று பதில் வந்தது. அட, புத்திசாலிகளா! மழை இல்லாவிட்டால் என்ன, நிலம் நடுங்குகிறதே. ரொம்பப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. நீயே போய்ப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். வாயாடிக்கு வந்த வரவு.

கூட இருந்த இருவரில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வந்துவிட்டது. அவரை ஏற்றிக்கொண்டு மற்றவர் கப்பலை ஓட்டிப் போய்விட்டார். மாற்று ஆட்கள் மாதக் கடைசியில் வருவார்கள். அதுவரை நான் ஒருத்திதான்.

பொழுதுபோக்கு: 'நம்ம தெரு'. கணினி விளையாட்டு. என் மகள் நறுமுகையும் நானும் ஒரே கோப்பை மாற்றி மாற்றி ஆடுகிறோம், ஒருநாள் அவள் முறை, மறுநாள் என் முறை. வீடுகளும் ஆட்களும் அவள் பொறுப்பு. நிலம் என் பொறுப்பு. மேடு தூரிகையால் தேய்த்தால் தரை உயரும். பள்ளத் தூரிகையால் தேய்த்தால் தாழும், ரொம்பத் தாழ்ந்துவிட்டால் கடல் தானாக உள்ளே வந்துவிடும். சமன் தூரிகை மலையைக்கூடச் சப்பாத்தி ஆக்கிவிடும். இன்று நான் ஆறு வீடுகளுக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டினேன். விளையாட்டுக்கு அது தேவையில்லை. எனக்குத் தேவை.

பதிவு: பிப்ரவரி 11, காலை 8.05

முளைகள் சரி. வெடிப்பு அப்படியே.

நறுவின் கோப்பு வந்தது, கூடவே அவள் குரலும். பதினொரு வயதுக்குக் குரல் கொஞ்சம் அதிகாரமாகவே இருக்கிறது.

"அம்மா, உன் வாய்க்கால் எல்லாத்தையும் பார்த்தேன். இங்க மழையே பெய்யாது தெரியுமா? சரி, நான் ஒண்ணு பண்ணியிருக்கேன், திட்டாதே. தெருக்கோடியில இருக்கற மலையை வெட்டி மேல ஒரு குடிசை வெச்சுட்டேன். அதுதான் நிலா. உன்னை அதுல குடி வெச்சிருக்கேன். சன்னல் நம்ம வீட்டைப் பார்த்து இருக்கு. சாயந்திரம் நீ கையாட்டுவே, நானும் கையாட்டுவேன்."

மலையை வெட்டிச் சமன் செய்து குடிசை. திட்டக் குழுவுக்கும் என் பிள்ளைக்கும் ஒரே புத்தி. அவளையாவது மன்னிக்கலாம், அந்த விளையாட்டில் வீடு சமதரையில்தான் உட்காரும்.

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. இது நிலவின் மறுபக்கம். இங்கிருந்து பூமி தெரியாது.

அவள் குடிசைக்குப் பின்னால் ஒரு தடுப்புச்சுவர் கட்டலாம் என்று கை துறுதுறுத்தது. கட்டவில்லை. ஆள் குடியிருக்கும் மனையில் நிலத்தை மாற்ற விளையாட்டு விடாது. முதலில் ஆளைத் தூக்கிக் காத்திருப்பு அறையில் வைக்க வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப இறக்க வேண்டும். இறக்கும்போது அந்த ஆளுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும். அறையில் இருக்கும்வரை நினைவு இருக்கும், தரையில் கால் பட்டதும் போய்விடும். யார் எழுதிய விதியோ, நாசமாய்ப் போக.

இது தெரியாமல் போன மாதம் ஒரு காரியம் செய்துவிட்டேன். தெருவில் ஒரு வர்க்கிக் கடைக் குடும்பம் இருந்தது, ஊரில் என் வீட்டுக்காரர் வர்க்கி பிஸ்கட் சுடும் கடையைப் பார்த்து நறு வைத்தது. வாய்க்கால் சரியில்லை என்று அவர்களைத் தூக்கி, வெட்டி, திரும்ப இறக்கினேன். புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிப் பெயர் கேட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். நறு அழுதிருக்கிறாள். இனிமேல் யாரையும் தூக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பதிவு: பிப்ரவரி 15, காலை 7.40

ஏழாம் முளை நகர்ந்திருக்கிறது. எட்டும். ஒன்பதும்.

அதிகமில்லை, விரல் கனம். ஆனால் மூன்றும் ஒரே பக்கம், கீழ்ப்பக்கம். முதல் முளை மட்டும் மேலே கெட்டிப்பாறையில் அசையாமல் நிற்கிறது. வெடிப்பில் இப்போது கை நுழைகிறது. சின்னச் சின்ன நடுக்கம், கவனிக்கவே தோன்றாத அளவு, தினமும் நாலைந்து. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே மேடையே நகர்கிறது.

தரைக்கட்டுப்பாட்டில் எனக்குப் பொறுப்பு அன்வர்தீன் சார். அறிக்கை அனுப்பினேன். எனக்கு மட்டுமான பயமில்லை. அடுத்த பள்ளத்தில் இரண்டாம் நிலையம் தயாராக இருக்கிறது. இதே வரைபடம், இதே போல வெட்டிய மேடை, சரிவு இதைவிடச் செங்குத்து. நான்கு பேர் இருபத்திரண்டாம் தேதி அதில் இறங்குகிறார்கள்.

இன்று என் முறை. கடற்கரையில் ஒரு மணல்மேடு செய்து அனுப்பினேன். மனம் அதில் இல்லை.

பதிவு: பிப்ரவரி 17, பகல் 1.20

பெரிய நடுக்கம். காலை 11 மணிக்கு. மேடையின் கீழ்ப்பாதி போய்விட்டது.

சத்தமே இல்லை. குன்னூரில் மண் சரிந்தால் மலை உறுமும். இங்கே காற்று இல்லாததால் ஒன்றும் கேட்கவில்லை. சன்னலில் பார்த்துக்கொண்டிருந்தபோதே சூரியத் தகடுகள் நின்ற இடம் மெல்லக் கீழே இறங்கிப் போனது, லிஃப்ட் இறங்குவதைப் போல. பெரிய ஆன்டெனாவும் அதோடு போனது. வண்டியும் போனது.

நிலையம் நிற்கிறது. எனக்குக் காயமில்லை. மின்சாரம் பேட்டரியில்தான், சூடேற்றியைக் குறைத்து வைத்தால் மூன்று நாள். கப்பலை எவ்வளவு அவசரப்படுத்தினாலும் எட்டு நாள் ஆகும். கணக்குப் போட ஒன்றுமில்லை.

சின்ன ஆன்டெனா வேலை செய்கிறது. நிலவைச் சுற்றிவரும் சுற்றுக்கோள் தலைக்கு மேல் வரும்போது செய்திகளை வாங்க முடிகிறது, அதற்குச் செலவு குறைவு. அனுப்புவதுதான் கஷ்டம். "மேடை சரிந்தது, ஆள் உயிருடன்" என்று நாலு சொல் அனுப்பினேன். அதற்கே பேட்டரி முள் இறங்கியது.

பதிவு: பிப்ரவரி 18, காலை 9.15

மூன்று செய்திகள் வந்தன.

அன்வர்தீன் சார்: "மேடம், கப்பலை முன்னாடி கிளப்ப என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன். போதலை. உங்ககிட்ட பொய் சொல்ல விரும்பலை. இன்னொண்ணு. இரண்டாம் நிலையத்துல இறங்கறதை நிறுத்தச் சொல்லிக் குழுகிட்ட நின்னேன். உங்க மேடை மட்டும்தான் பழுதுன்னு சொல்றாங்க. வெடிப்பு எங்க ஆரம்பிச்சு எப்படி ஓடுதுன்னு முழு உயர வரைபடம் இருந்தாத்தான் நம்புவாங்களாம். இதை உங்ககிட்ட கேக்க எனக்கு வாய் வரலை. ஆனா கேக்காம இருக்கவும் முடியலை."

என் கணவர் ஜெயசீலன் பேசியது கொஞ்சம்தான். அவர் எப்போதுமே அப்படித்தான், அடுப்பில் வர்க்கி இருக்கும்போது யாரோடும் பேசமாட்டார். இன்று கடை திறக்கவில்லை போலிருக்கிறது, பின்னால் சத்தமே இல்லை. "தமா, நறுகிட்ட மலை சரிஞ்சதுன்னு சொன்னேன். மீதியைச் சொல்லல. நீ என்ன சொல்லச் சொல்றியோ அதைச் சொல்றேன். நீ குளிர்ல இருக்கேன்னு நெனச்சா இங்க போர்வை போத்திக்க முடியல."

மூன்றாவது நறு. "அம்மா, நேத்து உன் முறை. கோப்பு வரலை. ஆன்டெனா போயிடுச்சுன்னு அப்பா சொன்னாரு. பரவாயில்ல. ஆனா உன் முறை முடியாம நான் ஆட முடியாது, பூட்டியே இருக்கு. சீக்கிரம் ஆடு."

அவ்வளவுதான். மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள், என்னிடம் இருப்பது ஒரே ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பத் தேவையான மின்சாரம். அதை அனுப்பினால் பேட்டரியில் பாதி போய்விடும், குளிர் ஒருநாள் முன்னதாக வரும். போகட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

வரைபடம் அனுப்பினால் நாலு பேர் பிழைப்பார்கள். நறுவின் கோப்பை அனுப்பினால் அவள் அம்மா கடைசியாக ஆடிய முறை அவள் கையில் இருக்கும். எது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடிக்கவில்லை. அந்த நாலு பேர் மேல் கோபமாக வருகிறது, பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

வெளியே போய் அளந்துவிட்டு வருகிறேன்.

பதிவு: பிப்ரவரி 18, மாலை 4.50

லேசர் கருவியோடு மேடையில் மிச்சமிருக்கும் இடம் முழுக்க நடந்து அளந்தேன். வெடிப்பு நேராக நிலையத்தின் அடியில் ஓடுகிறது. நான் நினைத்தது சரிதான்: இயந்திரம் சரிவின் அடியை வெட்டிய கோட்டிலேயே, இம்மி பிசகாமல். பழுது என் மேடையில் இல்லை, வெட்டிய முறையில். அங்கேயும் இதேதான் நடக்கும்.

கையுறைக்குள் விரல் மரத்துவிட்டது. சொல்லச் சொல்லக் கருவி எழுதிக்கொள்கிறது, அதனால் கவலையில்லை.

அளவுகளைக் கணினியில் ஏற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டம் கட்டமாக எண்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம். இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பிறகு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். 'நம்ம தெரு' நிலக் கோப்பும் இதுதான். கட்டம் கட்டமாக உயரம். நறுவுக்குப் போகும் கோப்பில் மலை இருக்கும் இடத்தில் இந்த எண்களை வைத்தால், அவளுக்கு அது மலை, அன்வர்தீன் சாருக்கு அது வரைபடம். பொட்டலம் ஒன்றே. வீட்டுக் கோப்புகள் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும்.

நாளைக் காலை சுற்றுக்கோள் வருகிறது. அதற்குள் முடிக்க வேண்டும். பல நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பதிவு: பிப்ரவரி 19, காலை 6.30

வேலை பாதியில் நிற்கிறது.

மலையில் எண்களை ஏற்றிக்கொண்டே வந்தேன். கீழ்ச்சரிவு ஏறியது, மேல்முகடும் ஏறியது. நடுவில் மட்டும் ஏற மறுக்கிறது, ஒரு மனை அளவு. 'இந்த மனையில் ஆள் குடியிருக்கிறார்.'

குடிசை. நான்.

அந்த இடத்தை விட்டுவிட்டு அனுப்பலாமா என்று பார்த்தேன். முடியாது. வெடிப்பு அந்த மனையின் அடியில்தான் ஓடுகிறது. அந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால் வரைபடத்தில் நடுவில் ஓட்டை, குழுவுக்கு அது போதும், மறுபடி இல்லையென்று சொல்ல. மலையைத் தெருவின் வேறு மூலைக்குத் தள்ளலாமா? அங்கே வேறு குடும்பங்கள். கடலுக்குள் வைக்கலாமா? நீர்மட்டத்துக்குக் கீழே உயரங்களைச் சேமிப்பதில்லை.

ஆளைத் தூக்கத்தான் வேண்டும். நறுவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.

விளையாட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். தெருவில் சாயங்காலம். குடிசைக்காரி கதவைத் திறந்து வெளியே வந்தாள். என் முடியைவிட அவளுக்கு நீளம், நறு தாராளமாக வைத்திருக்கிறாள். கீழே வீட்டு வாசலில் ஒரு குட்டிப்பெண் நின்று கையாட்டினாள். இவளும் ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் மாவு பிசைந்த கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுதேன். குளிருக்கு விண்வெளி உடையை மாட்டியிருந்தேன், முகக்கண்ணாடிக்குள் துடைக்க முடியவில்லை.

பதிவு: பிப்ரவரி 19, காலை 7.55

தூக்கிவிட்டேன்.

காத்திருப்பு அறை: ஒருவர். குடிசையை எடுத்தேன். கட்டங்கள் ஏறிவிட்டன. மலை இப்போது என் மலை. நடுவில் கறுப்பாக வெடிப்பு தெரிகிறது, அசிங்கமாகத்தான் இருக்கிறது, உண்மையாக இருக்கிறது.

திரும்ப இறக்கவில்லை. இறக்க இடமில்லை என்பது ஒன்று. இறக்கினால் அவள் நறுவைப் பார்த்து நீ யாரம்மா என்று கேட்பாள் என்பது மற்றொன்று. அந்தக் கேள்வியை என் முகத்தோடு ஒருத்தி என் பிள்ளையிடம் கேட்பதா? அறையிலேயே இருக்கட்டும். அங்கே எல்லாம் நினைவில் இருக்கும்.

கடிதம் எழுதப் பொட்டலத்தில் இடமில்லை. இடங்களுக்குப் பெயர் வைக்கலாம், அதில் கொஞ்சம் எழுத்து போகும். மலைக்கு வைத்த பெயர்: "அன்வர் சார் ஒரு கட்டம் அரை மீட்டர் வெட்டின கோட்டைப் பாருங்க". குடிசை இருந்த இடத்துக்கு வைத்த பெயர்: "நறு என்னைக் கீழ இறக்காதே மறந்துடுவேன்".

வீட்டுக்காரருக்கு ஒன்று எழுத இடமில்லாமல் போய்விட்டது. வர்க்கிக் கடையின் அடுப்பை மட்டும் பற்ற வைத்துவிட்டேன். அவருக்குப் புரியும்.

முறை முடிந்தது என்ற பொத்தானை அழுத்தினேன். சுற்றுக்கோள் வாங்கிக்கொண்டது. பேட்டரி முள் சிவப்பில்.

பதிவு: பிப்ரவரி 20, காலை

குளிர். சுவரில் என் மூச்சு உறைந்திருக்கிறது, நகத்தால் கீறினால் உதிர்கிறது. வாங்கும் கருவியையும் அணைத்துவிட்டேன், பதில் வந்தாலும் எனக்குத் தெரியாது. அன்வர்தீன் சார் பார்த்திருப்பார். பார்த்திருக்க வேண்டும். கெட்டிக்காரர்.

பயமாக இருக்கிறது. பொறியாளர் இப்படி எழுதக் கூடாது. எழுதுகிறேன். என் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அவள் தலையில் எண்ணெய் வாசனை. வேறு ஒன்றும் வேண்டாம்.

தரை இப்போது விட்டுவிட்டு அசைகிறது. நிலையம் போகப் போகிறது. இந்தப் பதிவு அட்டையைக் கழற்றி, வெளியே மேலே முதல் முளையில் கட்டிவிட வேண்டும். அது கெட்டிப்பாறை. அது போகாது. வருகிறவர்கள் அங்கே பாருங்கள்.

அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். பூமி தெரியாது. தெரியாவிட்டால் என்ன, பக்கம் எது என்று தெரியும். அந்தப் பக்கம் பார்த்துக் கையை

சுற்றுக்கோள், தானியங்கிப் பதிவு: பிப்ரவரி 22, மாலை 6.00

விளிம்பு நிலையம்: சமிக்ஞை இல்லை. ஒப்படைக்க முடியாத செய்திகள்: இரண்டு, ஒரு கோப்பு.

செய்தி ஒன்று. அனுப்புநர்: அன்வர்தீன், தரைக்கட்டுப்பாடு. "மேடம், வரைபடம் வந்துச்சு. குழு முன்னாடி விரிச்சு வெச்சேன். இறங்கறதை நிறுத்திட்டாங்க. நாலு பேரும் திரும்பி வர்றாங்க. உங்க பொண்ணோட கோப்பை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

செய்தி இரண்டு. அனுப்புநர்: நறுமுகை. "அம்மா, அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உன் மலையை நான் தொடலை. அதுல யாரையும் குடி வெக்கலை. பின்னாடி வாய்க்கால் மட்டும் வெட்டியிருக்கேன், நீ வெட்டற மாதிரியே. இன்னொண்ணு பண்ணிட்டேன், திட்டாதே. நீ வேணாம்னு சொன்னே. ஆனா அந்த ரூம்ல ஒரு சன்னல்கூட இல்லம்மா. நீ தனியா நின்னுட்டே இருந்தே. அதனால நம்ம வீட்டுலயே இறக்கிட்டேன். நீ என்னைப் பார்த்து வணக்கம் சொல்லி, உன் பேரு என்னன்னு கேட்டே. நறுன்னு சொன்னேன். அப்புறம் அப்பா பேரைக் கேட்டே. பரவாயில்லம்மா, திரும்பப் பழகிக்கலாம். நான் முடிச்சுட்டேன். இப்ப உன் முறை."

கோப்பு: 'நம்ம தெரு'. காத்திருப்பு அறை: காலி. அடுத்த முறை: தமயந்தி. கோப்பு பூட்டப்பட்டுள்ளது.

அடுத்த சுற்றில் மீண்டும் முயலப்படும்.